ஏர் ரிவிட் கன்: ஒரே இழுப்பில் ஆணி அறுபட

ரிவிட் அடித்து முடித்ததும் கன்னின் பின்பக்க பாட்டிலில் விழுந்து கிடக்கும் ஆணித் துண்டு (ரிவிட்டின் நடுவிலிருந்து இழுத்து அறுக்கப்பட்ட கம்பி) ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கன் நலமாக இருந்தால் அதன்மேல் ஜாவின், அதாவது ஆணியைக் கவ்வும் தாடையின், பல் தடம் ஓர் இடத்தில் மட்டும், ஆழமாக, சுத்தமாகப் பதிந்திருக்கும். தடம் இரண்டு இடத்தில் இருந்தால் கன் இரண்டு முறை இழுத்திருக்கிறது. பெரும்பாலும் எண்ணெய் குறைந்திருக்கும், அல்லது எண்ணெய்க்குள் காற்று புகுந்திருக்கும். தடத்துக்குப் பதிலாக நீளமாகச் சுரண்டிய கோடுகள் இருந்தால் ஜா வழுக்குகிறது. பட்டறையில் பெரும்பாலும் நடப்பது வேறு: இழுவை குறைந்ததாகத் தோன்றியதும் ரெகுலேட்டரைத் திருகிக் காற்றழுத்தத்தை ஏற்றிவிடுகிறார்கள். அன்றைய வேலை ஓடும். ஆனால் சீல்கள் தேயும், ஜா உடையும், அறுபட்ட ஆணி இன்னும் வேகமாகப் பின்னால் பாயும். அழுத்தத்தை ஏற்றுவது எந்தக் கோளாறுக்கும் மருந்து அல்ல.

இங்கே சொல்வது ஆணியை இழுத்து அறுக்கும் வகை கன்னைப் பற்றி. கரூர் பஸ் பாடி பட்டறைகளிலும், ஏசி டக்ட் வேலையிலும், ஷீட் மெட்டல் கடைகளிலும் கையாளப்படுவது இதுதான். சுத்தியல்போல் அடித்து, மறுபக்கம் ஒருவர் இரும்புக் கட்டி பிடிக்க வேண்டிய ரிவிட் ஹேமர் வேறு கருவி. அதன் அதிர்வும் ஆபத்தும் வேறு.

கன்னுக்குள் நடப்பது இது. கைப்பிடியின் அடியிலுள்ள அகலமான சிலிண்டரில் காற்று ஒரு பெரிய பிஸ்டனை மேலே தள்ளுகிறது. அந்தப் பிஸ்டனோடு சேர்ந்த ஒல்லியான தண்டு கைப்பிடிக்குள் இருக்கும் எண்ணெயை அழுத்துகிறது. பெரிய பரப்பில் விழுந்த விசை சிறிய பரப்பில் குவிவதால் எண்ணெயின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு ஆகிறது. அந்த எண்ணெய் தலையிலுள்ள பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, அதோடு இணைந்த ஜா ஆணியைக் கவ்வி இழுக்கிறது. 4.8 மி.மீ. ரிவிட்டுக்கான நடுத்தர கன் ஒரு டன்னை நெருங்கும் இழுவிசை தரும். மூக்குப் பக்கம் விரல் நசுங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த ஒரு எண்ணை வைத்தே யோசித்துக்கொள்ளலாம்.

காற்று

பெரும்பாலான கன்களுக்கு 5 முதல் 6 பார், அதாவது ஏறத்தாழ 75 முதல் 90 பி.எஸ்.ஐ. போதும். உங்கள் கன்னின் உச்ச வரம்பு உடலிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும்; பொதுவாக 7 பார். கம்ப்ரசர் டேங்கில் 8 முதல் 10 பார் இருக்கும் என்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் நேராக மாட்டக் கூடாது. அழுத்தத்தைக் கன் சும்மா இருக்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. டிரிகரை அழுத்தும் நொடியில் முள் எவ்வளவு விழுகிறது என்று கவனியுங்கள். நிறைய விழுந்தால் ஹோஸ் மிக நீளம், அல்லது உள்விட்டம் குறைவு, அல்லது ஒரே லைனில் கிரைண்டரும் ஸ்ப்ரே கன்னும் சேர்ந்து ஓடுகின்றன.

தண்ணீர்தான் இந்தக் கருவியின் முதல் எதிரி. கம்ப்ரசர் டேங்கின் அடி வால்வைத் தினமும் காலையில் திறந்து தேங்கிய நீரை வடியுங்கள். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் நடுப்பகலில் இன்னொரு முறை வடிக்க வேண்டிவரும். எஃப்.ஆர்.எல். யூனிட்டின் (காற்று லைனில் ஃபில்டர், ரெகுலேட்டர், எண்ணெய் கலக்கும் லூப்ரிகேட்டர் மூன்றும் சேர்ந்தது) ஃபில்டர் கிண்ணத்தில் நீர் பாதிக்கு ஏற விடாதீர்கள். லூப்ரிகேட்டர் இல்லாத லைன் என்றால், வேலை தொடங்கும் முன் கன்னின் காற்று வாயில் ஏர் டூல் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். கெட்டியான என்ஜின் ஆயிலை இதற்கு விட்டால் டிரிகர் வால்வு பிசுபிசுத்து மெதுவாகத் திரும்பும்.

ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து கன்னை ஓட்டுவது ஒருபோதும் கூடாது. கருவிக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கும்.

துளையும் ரிவிட்டும்

ரிவிட் ஆடுவதற்குக் கன்னைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றம் துளையில் இருக்கும். 3.2 மி.மீ. ரிவிட்டுக்கு 3.3, 4.0-க்கு 4.1, 4.8-க்கு 4.9, 6.4-க்கு 6.5 மி.மீ. டிரில் பிட். இதற்குமேல் 0.1 மி.மீ. வரை தாங்கும். தேய்ந்த பிட்டும் கை நடுக்கமும் சேர்ந்து துளையை முட்டை வடிவமாக்கினால், ரிவிட்டின் குழல் (ஆணியைச் சுற்றியுள்ள உடல்) விரிந்து துளையின் சுவரைப் பிடிக்க வழியில்லை. துளையின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்பு வரை ரிவிட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இடம் விடுங்கள். 4.8-க்கு 10 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

துளையிட்டதும் பிசிறை எடுங்கள், இரண்டு தகட்டுக்கும் நடுவிலிருப்பதையும் சேர்த்து. அந்த இடைவெளிக்குள் மாட்டிய ஒரு சுருள் துண்டு தகடுகளை ஒட்டவிடாது. அன்று இறுக்கமாகத் தெரிந்த ரிவிட், வண்டி ஓடி அதிர்ந்து அந்தப் பிசிறு நசுங்கியதும் தளர்ந்துவிடும்.

ரிவிட்டின் நீளத்தைக் கண்மதிப்பில் எடுக்காதீர்கள். பெட்டியில் ‘கிரிப்’ என்று ஒரு வரம்பு அச்சிட்டிருப்பார்கள். சேர்க்கும் தகடுகளின் மொத்தத் தடிமன் அதற்குள் வர வேண்டும். ரிவிட் நீளம் போதாவிட்டால் மறுபக்கத் தலை உருவாகாது. மிக நீளமென்றால் குழல் சரியாகச் சுருண்டு அமுங்கும் முன்பே ஆணி அறுந்துவிடும், அல்லது கன்னின் ஸ்ட்ரோக் (ஒரே இழுப்பின் நீளம்) போதாமல் இரண்டாம் முறை இழுக்கும்.

உலோகப் பொருத்தமும் முக்கியம். அகலமான ஸ்டெயின்லெஸ் தகட்டில் சின்ன அலுமினிய ரிவிட் அடித்து மழையில் விட்டால், ரிவிட்தான் வேகமாக அரிக்கப்படும். வேறு வேறு உலோகம் சேரும் இடத்தில் பிரைமரோ சீலன்ட்டோ பூசிவிட்டு அடியுங்கள். ஸ்டெயின்லெஸ் ரிவிட்டுக்கு அதே அளவு அலுமினிய ரிவிட்டைவிட மிக அதிக இழுவிசை தேவை. அலுமினியத்துக்கென்று வாங்கிய சின்ன கன்னில் அதை அடிக்க முயன்றால் ஜாவின் பல் மழுங்கிப்போகும்.

அடிக்கும் முறை

முதலில் நோஸ் பீஸ், அதாவது ஆணி நுழையும் கன்னின் மூக்கு முனை. ஆணி தடையின்றி நுழைய வேண்டும், ஆனால் லொடலொடவென்று ஆடக் கூடாது. அதன் துளை பெரிதாக இருந்தால் இழுக்கும்போது ரிவிட் தலையின் நடுப்பகுதி உள்ளே பிதுங்கி, மேட்டோடு அசிங்கமாக நிற்கும். ஆணியின் முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நோஸ் பீஸை மாற்றும்போது காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரை வைக்க வேண்டும். டிரிகரில் கைபடாமல் பார்த்துக்கொள்வேன் என்ற நம்பிக்கை போதாது.

ஆணியை நோஸ் பீஸுக்குள் விட்டு, குழலைத் துளையில் நுழைத்து, கன்னைத் தகட்டுக்குச் செங்குத்தாகப் பிடித்து நன்றாக அழுத்துங்கள். ரிவிட் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. பிறகு டிரிகரை முழுதாக அழுத்தி, ஆணி அறுபடும் ஓசை கேட்கும் வரை பிடித்திருங்கள். விட்டதும் ஆணி தானாகப் பின்னால் உறிஞ்சப்படும். டிரிகரை விட்டுவிட்டு அழுத்துவது கெட்ட பழக்கம். சாய்த்துப் பிடித்தால் தலை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், நோஸ் பீஸின் ஓரமும் தேயும்.

நீளமான பக்கத் தகடு என்றால் ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாக அடித்துக்கொண்டே போகாதீர்கள். நான்கைந்து இடத்தில் கிளாம்ப் போட்டு, நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி அடித்தால் தகடு உப்பாது. கூரை வேலைக்கு, ஒன்றரை இரண்டு கிலோ கன்னைத் தலைக்குமேல் பிடித்து நாள் முழுக்க வேலை செய்ய வைக்காமல் ஸ்பிரிங் பேலன்சரில் தொங்கவிடுங்கள். தோள் வலி வந்தவர் கன்னை நேராகப் பிடிக்கமாட்டார்.

தவறான ரிவிட்டை எடுக்க, அதே அளவு பிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுத்து, மீதியைப் பஞ்ச் (இரும்புக் குச்சி) வைத்துத் தட்டி வெளியேற்றுங்கள். ரிவிட் பிட்டோடு சேர்ந்து சுற்றினால் தலையைப் பிளையரால் பிடித்துக்கொள்ளுங்கள். துளை பெரிதாகிவிட்டால் அடுத்த அளவு ரிவிட்டுக்குப் போங்கள்.

உடல் பாதுகாப்பு

பக்கம் மூடிய கண்ணாடி இல்லாமல் கன்னைத் தொடக் கூடாது. பக்கத்தில் நிற்பவருக்கும் அது வேண்டும். ஆணி பாட்டில் இல்லாத கன், பின்னால் ஆணியைத் துப்பும் குழல்தான். பாட்டில் உடைந்தால் புதிது வரும்வரை கன்னை ஒதுக்கி வையுங்கள். மூக்குக்குள்ளோ பின்பக்கத்துக்குள்ளோ கண்ணை வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் காற்று இணைப்பு கழன்றிருக்க வேண்டும். பாட்டில் பாதி நிறைந்ததும் கொட்டிவிடுங்கள். நிரம்பி வழிந்தால் ஆணி வழியில் சிக்கி அடுத்ததையும் தடுக்கும். தரையில் சிந்திய ஆணிகள் காலை வழுக்கும், டயரைக் குத்தும். வேலை முடிந்ததும் காந்தத்தால் தடவி எடுங்கள்; அலுமினிய ஆணியைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும்.

உடம்பிலும் உடையிலும் ஒட்டிய தூசியை ஏர் ஹோஸால் ஊதாதீர்கள். கன்னில் எண்ணெய் கசியும் இடத்தை விரலால் தடவித் தேடாதீர்கள். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

ஜா

அதிகம் கெட்டுப்போவதும் மலிவாகச் சரியாவதும் இதுதான். வாரம் ஒருமுறை, நாளெல்லாம் ஓடும் கன் என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை, காற்றைக் கழற்றிவிட்டு முன் உறையைத் திறந்து, ஜா உறை, ஜாத் துண்டுகள், அவற்றைத் தள்ளும் புஷர், ஸ்பிரிங் ஆகியவற்றை எடுத்த வரிசையிலேயே துணிமேல் வையுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, பல் இடுக்கிலுள்ள உலோகப் பொடியைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். ஜாவின் வெளிப்புறச் சரிவிலும் உறையின் உள் கூம்பிலும் மாலிப்டினம் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். பல்லில் கிரீஸ் படக் கூடாது. பட்டால் அதுவே வழுக்கும். மாற்றும்போது செட்டாக மாற்றுங்கள். ஒரு துண்டு புதிது, மற்றது பழசு என்றால் ஆணி நடுவில் நிற்காது. மீண்டும் பூட்டும்போது ஜா உறையின் லாக் நட்டை இறுக்க மறந்தால் அது மெல்லக் கழன்று வந்து, ஆணி நுழையவும் முடியாமல் வெளியேறவும் முடியாமல் சிக்கும்.

எண்ணெய் நிரப்புதல்

கையேட்டில் சொன்ன ஹைட்ராலிக் எண்ணெய் மட்டும், பெரும்பாலும் வி.ஜி. (எண்ணெயின் கெட்டித்தன்மை எண்) 32 அல்லது 46. பிரேக் ஆயில் ஊற்றவே கூடாது. அது சீலாக இருக்கும் நைட்ரைல் ரப்பர் வளையங்களை (ஓ-ரிங்) ஊதவைத்து, சில நாளில் கன்னை முழுவதும் பிரிக்க வைத்துவிடும்.

1. காற்றைக் கழற்றி, டிரிகரை ஒருமுறை அழுத்தி உள்ளே தங்கியதை வெளியேற்றுங்கள்.
2. தலையிலுள்ள பிளீட் ஸ்குரூ (எண்ணெய்த் துளையை மூடும் திருகு) மேலே பார்க்கும்படி கன்னை வைத்து, எல்லன் கீயால் அதைக் கழற்றுங்கள். அடியிலுள்ள வாஷரைத் தொலைக்காதீர்கள்.
3. கன்னோடு வந்த எண்ணெய்க் கப்பை அந்தத் துளையில் இறுக்கமாகத் திருகி, பாதிக்குமேல் எண்ணெய் ஊற்றுங்கள்.
4. கப் ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காற்றை இணைத்து, டிரிகரை மெதுவாக அழுத்தி விடுங்கள். கப்பில் குமிழி வருவது நிற்கும்வரை தொடருங்கள்.
5. காற்றைக் கழற்றி, கப்பை எடுத்து, ஸ்குரூவை வாஷரோடு இறுக்குங்கள்.

கப் மாட்டாமல் துளை திறந்திருக்கும்போது காற்றோடு டிரிகரை அழுத்தினால் எண்ணெய் பீறிட்டு முகத்தில் அடிக்கும். சில மாடல்களில் காற்றே இல்லாமல் கை பம்பால் எண்ணெய் ஏற்ற வேண்டும். அங்கே கையேடு சொல்லும் வழியில்தான் போக வேண்டும். அளவுக்கு மீறி ஏற்றினால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, ஜா திறக்காது, புதிய ஆணி உள்ளே போகாது. அப்படியானால் ஸ்குரூவை மீண்டும், காற்று கழன்ற நிலையில், திறந்து சிறிது எண்ணெயை வடியவிடுங்கள்.

நிரப்பிய சில நாளிலேயே ஸ்ட்ரோக் மீண்டும் குறைந்தால் எங்கோ சீல் போய்விட்டது. முன்பக்கம் எண்ணெய் ஈரம் என்றால் தலை பிஸ்டன் சீல். கைப்பிடி அடியிலுள்ள காற்று வெளியேறும் துளையில் எண்ணெய் தெளித்தால் தண்டின் சீல். சீல் கிட் வாங்கி மாற்றலாம். ஆனால் தண்டில் கீறல் இருந்தால் புதிய சீலும் நிற்காது.

ஒரு ஜா செட், ஸ்பிரிங், பயன்படுத்தும் அளவுகளில் நோஸ் பீஸ், பிளீட் ஸ்குரூ வாஷர்கள் இவை டப்பாவில் எப்போதும் இருக்கட்டும். கீழே விழுந்த கன்னைத் துடைத்துவிட்டு உடனே மாட்டாதீர்கள். தலையும் கைப்பிடியும் சேரும் வளைவில் விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். முடி அளவு கோடு தெரிந்தாலும் அந்த உடலை மாற்றத்தான் வேண்டும். அதன்மேல் வெல்டிங் வைப்பதும் எம்-சீல் பூசுவதும் கூடாது. உள்ளே நிற்கும் எண்ணெய் அழுத்தத்தை அந்த ஒட்டு தாங்காது.