டயர் விளக்கு எரிகிறதா? செட் பட்டனுக்குக் கடைசியில் போங்கள்

காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள். மீட்டரில் மஞ்சள் நிறத்தில் குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி. அதுதான் டயர் காற்று குறைந்ததைச் சொல்லும் விளக்கு. புதிதாகக் கார் வாங்கிய பலரும் உடனே டயர் அளவை நினைவில் வைக்கச் சொல்லும் செட் பட்டனை அழுத்தி அதை அணைத்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள் காலை பின் இடது டயர் தரையோடு படிந்து கிடந்தது. உள்ளே ஒரு ஆணி. பஞ்சரை அடைத்துவிடலாம், காற்றில்லாமல் ஓட்டி டயரின் பக்கச்சுவர் நசுங்கியிருந்தால் டயரையே மாற்ற வேண்டியதுதான்.

முதலில் விளக்கைக் கவனியுங்கள்

நிலையாக எரிந்தால் காற்று குறைவு. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல விட்டுவிட்டுச் சிமிட்டி, பிறகு நிலையாக எரிந்தால் பெரும்பாலும் கோளாறு சென்சாரில் அல்லது அந்த அமைப்பில். ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்து, ஸ்டீயரிங்கும் ஒரு பக்கம் இழுத்தால் வீடு வரை ஓட்டி வர நினைக்காதீர்கள். சட்டென்று பிரேக் போடாமல் மெதுவாக ஓரங்கட்டுங்கள்.

எவ்வளவு காற்று வேண்டும்?

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் குறைவாக இருந்தால், முழு பாரம் ஏற்றினால் என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். பிஎஸ்ஐ, கேபிஏ இரண்டும் காற்றழுத்தத்தை அளக்கும் அலகுகள்; 33 பிஎஸ்ஐ என்பதும் 230 கேபிஏ என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு.

காலையில், குளிர்ந்த டயரில் அளந்து பாருங்கள்

இந்த வேலையில் மிக முக்கியமான இடம் இதுதான். கார் குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ஓடிய டயர் சூடாகி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். வெயில் படும் பக்கத்து டயரும் அப்படித்தான். வெப்பநிலை சுமார் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் மாறினால் 1 பிஎஸ்ஐ மாறும். மதியம் பைபாஸில் ஓடி வந்து, பங்கில் சரியாக 33 வைத்துவிட்டுப் போனால், மார்கழிக் காலையில் 29 காட்டினாலும் ஆச்சரியமில்லை. அதனால் சில நூறு ரூபாய் கொடுத்துச் சொந்தமாகக் காற்றழுத்தம் அளக்கும் ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வு மூடியைக் கழற்றி, கேஜை நேராக அழுத்துங்கள். 'புஸ்' என்ற சத்தம் தொடர்ந்து வந்தால் சரியாக உட்காரவில்லை, மறுபடி அழுத்துங்கள். நான்கு டயரையும் அளந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள், தேவைப்படும் நாளில் அதிலும் காற்று இருக்காது.

எண்கள் சொல்வது என்ன?

நான்கும் ஒரே மாதிரி இரண்டு மூன்று குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். நல்ல டயரிலும் மாதம் ஒன்று இரண்டு பிஎஸ்ஐ கசிவது இயல்பு. மற்ற மூன்றும் 32, ஒன்று மட்டும் 25 என்றால் அந்த டயரில் கசிவு இருக்கிறது.

பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, அந்த டயருக்குக் காற்றடித்த பிறகு வால்வின் வாயில், வால்வின் அடியில், டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில், தரையில் படும் பட்டைகள் மீது ஊற்றுங்கள். நுரை கொப்பளிக்கும் இடம்தான் ஓட்டை. காரைக் கொஞ்சம் நகர்த்தி, தரையில் பதிந்திருந்த பகுதியையும் பாருங்கள். ஆணி கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள். அது இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் போகும். அப்படியே பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். வால்வின் வாயில் நுரை வந்தால் உள்ளே இருக்கும் பின்னை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் ஒட்டச் சொல்லாதீர்கள், டயரை மாற்றுங்கள்.

காற்று அடிப்பது

காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சிறிய பம்ப் போதும். பேட்டரி இறங்காமல் இருக்க இன்ஜினை ஓடவிட்டுக்கொள்ளலாம், ஆனால் மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். புகை உயிருக்கு ஆபத்து. நைட்ரஜன் அடித்த டயரில் சாதாரணக் காற்று கலந்தால் ஒன்றும் ஆகாது. கேஜில் மறுபடி பார்த்து, மூடியைப் போடுங்கள். அது தூசியை வால்வுக்குள் விடாது.

இப்போது செட் பட்டன்

சில கார்களில் சக்கரத்துக்குள்ளேயே சென்சார் இருக்கும். காற்றடித்துச் சிறிது தூரம் ஓட்டினால் விளக்கு தானே அணையும். அந்த சென்சாரின் பேட்டரி 5 முதல் 10 வருடம் வரை உழைக்கும். விளக்கு சிமிட்டினால் சர்வீஸில் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு சில கார்கள் காற்றை அளப்பதே இல்லை. காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுழல்வதை ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்கும் சென்சார் வழியாகக் கண்டுபிடிக்கின்றன. இவற்றுக்குச் செட் பட்டன் என்பது 'இப்போது இருப்பதுதான் சரியான அளவு, நினைவில் வைத்துக்கொள்' என்று சொல்வது. 25 இருக்கும்போது அழுத்தினால் 25-ஐயே சரியென்று எடுத்துக்கொள்ளும். அதனால் நான்கும் சரியான பிறகே அழுத்துங்கள். பட்டன் எங்கே, எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது உங்கள் கார் கையேட்டில் இருக்கும்.

மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் கசிந்த டயரை மட்டும் இன்னொரு முறை அளந்து பாருங்கள். ஒரே இரவில் இரண்டு பிஎஸ்ஐ இறங்கியிருந்தால், நுரை காட்டாத ஓட்டை எங்கோ இருக்கிறது. பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.