‘அருமை’ என்று சொல்வதற்கு முன்: புதிதாகப் படம் எடுப்பவருக்குக் கருத்துச் சொல்லும் முறை

இரண்டு வருடங்களாக மட்டக்களப்பில் உள்ள கல்லடிக் கடற்கரையில் சூரியோதயம் எடுத்துக்கொண்டிருந்தேன். காட்டிய எல்லோரும் "அருமை" என்றார்கள். ஒருநாள், படம் கழுவிக் கொடுக்கும் கடையில் இருந்த முதியவர் என்னுடைய ஐந்தாறு படங்களைக் கண்ணாடி மேசையில் பரப்பினார். லாச்சியிலிருந்து ஓர் அடிமட்டத்தை எடுத்து, கடலும் வானமும் சேரும் கோட்டின் மேல் ஒவ்வொரு படத்திலும் வைத்துக் காட்டினார். "தம்பி, எல்லாவற்றிலும் கடல் இடப்பக்கம் வழிகிறது. பொத்தானை அழுத்தும்போது உங்கள் வலக்கை தாழ்கிறது" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளே என் கை திருந்திவிட்டது.

"அருமை" என்றவர்கள் எல்லோரும் என்மேல் அன்புள்ளவர்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட அந்தப் படங்களை அரை நிமிடம் நின்று பார்க்கவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

இன்று எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே நல்ல படங்கள் எடுக்கிறார்கள். அவற்றை முதலில் பார்ப்பவர்கள் அண்ணன், அக்கா, மாமா, வகுப்புத் தோழர்கள். அப்படி முதலில் பார்ப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கமராவைப் பற்றி அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: படத்தை முழுமையாகக் கேட்டு வாங்குங்கள்

வட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் படம் சுருங்கிவிடும். நுணுக்கங்கள் மங்கும். படத்தோடு பதிவாகியிருக்கும் ஷட்டர் வேகம் (கமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விட்டது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டியது), எடுத்த நேரம் போன்ற குறிப்புகளும் போய்விடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது மூலப் படம் அப்படியே வரும். வெயிலில் நின்றுகொண்டு பார்க்க வேண்டாம். நிழலில் உட்கார்ந்து, திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள்.

படி 2: ஒரு நிமிடம் பேசாமல் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

தங்கையின் மகள் ஒரு படம் காட்டினாள். படுவான்கரையில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் என் அம்மா, அவளுடைய அம்மம்மா, சுளகில் அரிசி புடைக்கிறார். திரையைப் பார்த்தவுடன் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மாவின் கை மெலிந்திருப்பது தெரிந்தது. "நல்ல படம், மகள்" என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், படத்தை இன்னும் பார்க்கவே இல்லை.

தெரிந்த முகமும் தெரிந்த இடமும் உள்ள படங்களில் இது எப்போதும் நடக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. தொலைபேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். ஆள் மறைந்து, வெளிச்சமும் நிழலும் உருவங்களும் மட்டும் கண்ணுக்குத் தெரியும். அப்படித் திருப்பியபோது, அம்மாவின் பின்னால் சுண்ணாம்பு பூசிய சுவர் பளீரென்று நின்றது. இடது ஓரத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி. சுளகு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

படி 3: உங்கள் கண் போன வழியைச் சொல்லுங்கள்

நல்லது, கெட்டது என்ற தீர்ப்பு இப்போது வேண்டாம். கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது, எங்கே போய் நின்றது என்பதை மட்டும் சொல்லுங்கள். நான் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "முதலில் சுவரைப் பார்த்தேன். பிறகு வாளி. பிறகு அம்மாவின் முகம். சுளகுக்குக் கடைசியில்தான் வந்தேன்."

யாரும் சொல்லக்கூடிய கருத்து இது. கமரா தொட்டறியாதவரும் சொல்லலாம், பத்து வயதுப் பிள்ளையும் சொல்லலாம். எடுத்தவருக்கோ இதைவிடப் பயனுள்ள செய்தி கிடையாது. அவர் அந்த இடத்தில் நின்றவர். காற்றையும் மணத்தையும் சத்தத்தையும் சேர்த்தே அந்தப் படத்தைப் பார்க்கிறார். மற்றவருக்கு அதில் என்ன தெரிகிறது என்பதை அவரால் தானாக அறிய முடியாது.

படி 4: எதை எடுக்க நினைத்தார் என்று கேளுங்கள்

கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் 2004 டிசம்பர் 26 சுனாமியில் விழாமல் ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒரு தம்பி அதைப் படமெடுத்து, வெளியூர் நண்பர் ஒருவருக்குக் காட்டியிருக்கிறார். "படம் சரிந்திருக்கிறது, நேராக்குங்கள்" என்று பதில் வந்தது. தம்பியும் மரியாதைக்காக நேராக்கினார். கோபுரம் நிமிர்ந்தது, பின்னால் கடல் சரிந்தது. அந்தக் கரையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே விஷயம் படத்திலிருந்து போய்விட்டது.

"ஏன் சரிவாக இருக்கிறது?" என்று அந்த நண்பர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அடிமட்டம் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் கடற்கோடு, விளக்குக் கம்பம், வீட்டுச் சுவர் ஆகியவற்றையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் எது சரிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்போதும் முதலில் கேட்டுவிட்டே சொல்ல வேண்டும்.

மருமகளிடம், அந்தத் தங்கையின் மகளிடம், நானும் கேட்டேன். "மாமா, உமி பறப்பதைத்தான் எடுத்தேன்" என்றாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான், சுளகுக்கு மேலே உமி பறந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சுவரின் முன்னால் அது யார் கண்ணுக்கும் படவில்லை.

படி 5: இப்போதே திருத்தக்கூடியதையும், திரும்பப் போய் எடுக்க வேண்டியதையும் பிரியுங்கள்

வாளியை வெட்டிவிடலாம். சரிவை நேராக்கலாம். கொஞ்சம் இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டலாம். இவை தொலைபேசியிலேயே இரண்டு நிமிட வேலை, இவற்றுக்காக நீண்ட உரை வேண்டாம். வெளுத்துப்போன வானத்தில் மேகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆடி மங்கிய முகத்தைக் கூர்மையாக்க முடியாது. தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்தாற்போல் நிற்பதையும் அழகாக அகற்றுவது கடினம். அப்படிப்பட்டவற்றுக்குத்தான் அடுத்த முறை எங்கே நிற்பது, எத்தனை மணிக்குப் போவது, எடுக்கும்போது திரையில் எதைத் தொடுவது என்று சொல்ல வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை வெளிச்சத்தின் திசையில் வந்து முடியும். எங்கள் மாவட்டத்தில் அதைப் பேசுவது எளிது. வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று சூரியனை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள் எங்கள் முன்னோர். கல்லடியில் கிழக்கே கடல், மேற்கே வாவி. காலையில் கடலைப் பின்னணியாக வைத்து ஒருவரை எடுத்தால் சூரியன் அவருடைய முதுகுப் பக்கம் இருக்கும், முகம் கறுத்துப்போகும். கமரா முழுக் காட்சியையும் ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பதே காரணம். பின்னால் கடல் மினுங்கினால் கமரா முகத்தையும் சேர்த்து எல்லாவற்றின் வெளிச்சத்தையும் குறைத்துவிடும். முகம் கறுப்பாக வந்த படத்துக்கு உடனே சொல்லக்கூடியவை இரண்டு: திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள், அல்லது அதே இடத்தில் மாலை ஐந்து மணிக்கு எடுங்கள். மாலையில் சூரியன் வாவிப் பக்கம் போய்விடும். கடலைப் பின்னால் வைத்து நிற்பவரின் முகத்தில் பொன் வெளிச்சம் விழும்.

நண்பகல் படங்களுக்கும் இதே கணக்குத்தான். ஏப்ரல் முற்பகுதியில் எங்கள் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். கண்குழியிலும் மூக்குக்குக் கீழும் கரிய நிழல் விழும். அதை எடுத்தவரின் குற்றமாகச் சொல்லாதீர்கள். மர நிழலுக்கு ஆளை அழைத்துப் போகும்படி சொன்னால் போதும்.

படி 6: ஒன்றைத் தேர்ந்து, செய்யக்கூடிய வேலையாகச் சொல்லுங்கள்

ஐந்து குறை சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது, கூச்சம் மட்டும் மிஞ்சும். எடுத்தவர் எதை நினைத்து எடுத்தாரோ, அதற்குக் குறுக்கே நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மருமகளுக்கு உமி வேண்டும். உமிக்குக் குறுக்கே நின்றது சுவர். ஆகவே வாளியைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை. "இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்று பார். அம்மம்மாவுக்குப் பின்னால் குசினி வாசலின் இருட்டு வரும். பக்கவாட்டில் காலை வெயில் விழும்போது உமி வெள்ளையாகத் தெரியும்" என்றேன்.

இன்னொரு உதாரணம். கல்லடிப் பாலத்தடியில் வீச்சுவலை எறிபவரை ஒரு பையன் எடுத்திருந்தார். வலை வானத்தில் விரிந்த கணத்தைச் சரியாகப் பிடித்திருந்தார். ஆனால் வலை புகைபோல் கலங்கியிருந்தது. "கலங்கியிருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. படத்தின் குறிப்பைத் திறந்து பார்த்தோம். ஷட்டர் 1/60 வினாடி. "வலை விரிந்த கணத்தைத் தவறவிடவில்லை, அது பெரிய விஷயம். அடுத்த முறை ஷட்டரை 1/1000க்கு வையுங்கள். அதற்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே சூரியன் இறங்குவதற்கு அரை மணி முன்னதாகப் போங்கள்" என்று சொன்னேன். பாராட்டையும் இதே அளவு துல்லியமாகச் சொல்லுங்கள். எது நன்றாக வந்தது என்று தெரிந்தால்தான் அவர் அதை மறுபடியும் செய்வார்.

சொல்லும் முறையில் ஒரு சின்னக் கவனம். "நீங்கள் தவறாக எடுத்திருக்கிறீர்கள்" என்பதற்குப் பதில் "இந்தப் படத்தில் எனக்கு வலையின் கண்ணிகள் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். பேச்சு படத்தின் மேலேயே நிற்கட்டும். வயதில் இளையவர் என்றாலும் மற்றவர்கள் முன்னால் குறை சொல்லாதீர்கள், தனியாக அழைத்துச் சொல்லுங்கள்.

குறையென்று எண்ண வேண்டாதவை

கூத்துக் களரியில் இரவு இரண்டு மணிக்கு எடுத்த படத்தில் மணல்போல் புள்ளிகள் இருக்கும். குறைந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ உயர்ந்தால் அப்படித்தான் வரும். வடமோடிக் கூத்தில் ஆட்டக்காரர் சுழலும் வேகத்தை ஃப்ளாஷ் இல்லாமல் நிறுத்திப் பிடிக்க வேறு வழியில்லை. அந்தப் புள்ளிகளைக் குறையாகச் சொன்னால், பிள்ளை அடுத்த முறை ஃப்ளாஷ் போடுவார். ஆட்டக்காரரின் கண் கூசும், களரியின் வெளிச்சமும் செத்துப்போகும். படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் மூன்றிலொரு பங்கு விதியையும் நான் தொடக்கத்தில் பேசுவதில்லை. கட்டம் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் கட்டத்தைப் பார்த்து எடுக்கிறார்கள், எதிரே இருப்பதைப் பார்ப்பதில்லை. தொலைபேசி மலிவானது என்பதையும் ஒருபோதும் சொல்லாதீர்கள். வாங்கித் தரப்போவதில்லை என்றால் அந்தப் பேச்சு எதற்கு?

ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தமாடும் பெண்கள், நினைவுநாளில் அழும் தாய்மார், பெயர் தெரியாத சிறுபிள்ளைகள் படத்தில் இருந்தால், "அவர்களிடம் கேட்டு எடுத்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால், வெளிச்சமும் கோணமும் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், வெளியே காட்ட வேண்டாம் என்று அன்போடு சொல்லுங்கள்.

படி 7: அடுத்த படத்தையும் பாருங்கள்

கருத்துச் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். அதே காட்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் சொன்னது சரியா என்பதும் அப்போதுதான் தெரியும். சில வேளைகளில் பழைய படமே நன்றாக இருக்கும். அப்படியானால் அதை ஒப்புக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

மருமகள் அடுத்த ஞாயிறு காலையிலேயே எடுத்து அனுப்பினாள். குசினி வாசல் இருட்டாக இருந்தது. உமி ஒவ்வொன்றும் தனித்தனியாக, வெள்ளை வெள்ளையாக அம்மாவின் தோளுக்கு மேலே எழுந்து நின்றது. அம்மாவின் முகம் பாதி நிழலில் போயிருந்தது. அதை நான் அவளிடம் சொன்னேன். "முகம் வேண்டுமா, உமி வேண்டுமா, மாமா?" என்று கேட்டாள். அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.