சீனியர் ஆண்டின் கடைசிக் குறும்புகள்: அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு கையேடு

நம் ஊரில் பிளஸ் டூ என்றால் டியூஷன், மாதிரித் தேர்வு, ஹால் டிக்கெட் என்று மார்ச் வரை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அமெரிக்கப் பள்ளியில் கதை வேறு. கல்லூரி விண்ணப்பங்கள் குளிர்காலத்திலேயே முடிந்து, மார்ச் இறுதிக்குள் பெரும்பாலான முடிவுகளும் வந்துவிடுவதால், ஏப்ரல் முதல் பட்டமளிப்பு நாள் வரை "சீனியர்" எனப்படும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பு பெயரளவுக்குத்தான் இருக்கும். அந்த வெற்றிடத்தில்தான் பிரிவுக்கால வேடிக்கைகள் எல்லாம் முளைக்கின்றன. நாம் இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் அல்லர் என்பதால், எதற்குச் சிரிப்பது, எதைத் தடுப்பது, எதற்குப் பணம் கொடுப்பது என்று தெரியாமல் விழிக்கிறோம். என் மகள் பள்ளியை முடித்த ஆண்டில் நான் தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். எந்தக் குறும்பானாலும் பிள்ளையிடம் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: கேலிக்கு ஆளாகிறவர் தாமும் சேர்ந்து சிரிப்பாரா? மறுநாள் காலையில் அதைத் துடைத்துப் பெருக்கப்போகிறவர் யார்?

வேடிக்கை வசந்தத்தில் நடந்தாலும் அதற்கான கெடுக்கள் இலையுதிர்காலத்திலேயே வந்துவிடும் என்பதுதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. இயர்புக் எனப்படும் ஆண்டுமலரில் ஒவ்வொரு சீனியரின் படத்துக்குக் கீழும் அச்சாகும் ஒற்றை வரியைப் பல பள்ளிகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுகின்றன. அந்த வரியை அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள். படிப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். தனிம அட்டவணையை வைத்துச் செய்யும் பழைய தந்திரம் ஒன்றும் இருக்கிறது: புளோரின், யுரேனியம், கார்பன், பொட்டாசியம் ஆகிய நான்கின் குறியீடுகளை அடுத்தடுத்து எழுதினால் என்ன வருகிறது என்று நீங்களே எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். "என் மகன் வேதியியலில் எவ்வளவு ஆர்வமாக இருக்கிறான்!" என்று பூரித்துப்போய் விடாதீர்கள், மலரைத் தொகுக்கும் ஆசிரியர்களுக்கு இந்தத் தந்திரம் நன்றாகவே தெரியும்.

அச்சான பின் விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் 2016இல் நடந்தது சாட்சி. அமெரிக்கக் கால்பந்து அணியின் குழுப்படத்தில் ஒரு மாணவர் செய்த ஆபாசச் சேட்டையை யாரும் கவனிக்கவில்லை. படம் மலரில் அச்சாகி வெளிவந்த பிறகே அது கண்ணில் பட்டது. அவர் கைது செய்யப்பட்டு, படம் எடுத்தபோது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று என்ற கணக்கில் 69 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. வழக்கு பின்னர் கைவிடப்பட்டாலும், ஒரு நொடிச் சேட்டைக்கு அது பெரிய விலைதான். நல்ல வரிக்கு இவ்வளவு சாகசம் தேவையில்லை. வீட்டிலிருந்து எடுத்த வரியே நிற்கும். "நான்கு ஆண்டும் என் டிபன் டப்பாவைத் தின்று தீர்த்த நண்பர்களே, இனி உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்" என்ற பொருளில் எழுதினால் படிக்கிற எல்லாருக்கும் அந்த எலுமிச்சம்பழச் சாதம் நினைவுக்கு வந்துவிடும்.

அதே மலரில் பெற்றோர் பணம் கட்டி வெளியிடும் வாழ்த்து விளம்பரமும் உண்டு; கால் பக்கம், அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று அளவுக்குத் தக்க விலை. குழந்தைப் பருவப் படம் ஒன்றைப் போட்டுக் கீழே இரண்டு வரி வாழ்த்து எழுதுவது வழக்கம். நான் மகளிடம் கேட்காமலேயே, பழனியில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு அவள் வீறிட்டு அழும் படத்தைத் தேர்ந்தெடுத்து, இதைவிடச் சிரிப்பான படம் உலகத்திலேயே இல்லை என்று நம்பி அனுப்பிவிட்டேன். மொட்டை என்றால் இங்குள்ள பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது நோய் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. விஷயம் தெரிந்து மகள் இரண்டு நாள் பேசவில்லை. கெடு முடிவதற்குள் படத்தை மாற்ற முடிந்தது என் அதிர்ஷ்டம். ஆகவே படத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். மொட்டைப் படத்தை வீட்டு விருந்தில் பெரிதாக அச்சிட்டு மாட்டிக்கொள்ளலாம், அங்கே அதற்குப் பொருள் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

"சூப்பர்லேட்டிவ்" என்னும் பட்டம் சூட்டலில் பெற்றோருக்கு வேலை அதிகமில்லை. சக மாணவர்கள் வாக்களித்து, வெற்றி பெறுவார் என்று எதிர்பார்க்கப்படுபவர், வகுப்புக் கோமாளி, நன்றாக உடுத்துபவர் என்று பட்டங்கள் கொடுப்பார்கள். உங்கள் பிள்ளை தேர்வுக் குழுவில் இருந்தால், உடலையோ அழகையோ அளக்கும் பட்டங்களைத் தவிர்த்து, செயலைக் குறிக்கும் பட்டங்களைப் பரிந்துரைக்கச் சொல்லுங்கள். "தன் திருமணத்துக்கே தாமதமாக வரக்கூடியவர்" என்பதற்கு அந்தப் பையனே முதலில் கைதட்டுவான்.

எனக்கு மிகவும் பிடித்தது சீனியர் உயில். பள்ளியை விட்டுப் போகிறவர் தம் "சொத்துகளை" இளைய மாணவர்களுக்கு எழுதி வைக்கும் இந்தக் கேலி ஆவணம், பள்ளி இதழில் அச்சாகும், அல்லது இசைக்குழு, நாடகக் குழு ஆகியவற்றின் கடைசி விருந்தில் வாசிக்கப்படும். அது தொடங்கும் விதத்தைக் கேட்டால் நம் ஊர்ப் பத்திர எழுத்தர் எழுதியதோ என்று தோன்றும். திடமனதோடும் நல்ல உடல்நலத்தோடும் எழுதி வைக்கும் உயில் என்ற அதே வாசகத்தில்தான் அங்கும் தொடங்குகிறார்கள். அந்த விறைப்பான சட்ட நடையை முதல் வரி முதல் கையெழுத்து வரை விடாமல் பிடிப்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. எழுத உட்காரும்போது முதலில் பொருள்களின் பட்டியலைப் போடச் சொல்லுங்கள்: திறக்காத லாக்கர், ஒரு கால் ஆடும் நாற்காலி, பேருந்தின் கடைசி இருக்கை, இசை அறையில் எவருக்கும் சொந்தமில்லாத ஒற்றைக் காலுறை. பிறகு ஒவ்வொன்றையும் அதற்குத் தகுந்த வாரிசுக்கு, எல்லைகளோடும் நிபந்தனைகளோடும் எழுத வேண்டும். "மேற்படி லாக்கரை வலது தோளால் இருமுறை இடித்தால் மட்டுமே திறக்கும் என்ற வில்லங்கத்தோடு சேர்த்து, வயலின் பிரிவின் இளையவருக்குப் பாத்தியமாக்குகிறேன்" என்று எழுதினால், அந்த லாக்கரோடு மல்லுக்கட்டிய அத்தனை பேரும் சிரிப்பார்கள். காதல் விவகாரம், மதிப்பெண், ஒருவரின் உச்சரிப்பு, குடும்ப வசதி ஆகிய நான்கும் உயிலில் வரக் கூடாது. ஒரு பக்கத்தைத் தாண்டினாலும் கேட்பவர்கள் கொட்டாவி விடத் தொடங்கிவிடுவார்கள்.

சொல்லிவைத்து எல்லாரும் மட்டம் போடும் "ஸ்கிப் டே" பற்றி இரண்டே செய்திகள். மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் ஏபி (AP) எனப்படும் கல்லூரித் தரப் பாடத் தேர்வுகள் நடப்பதால் அந்த நாட்களில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் பள்ளிக்குப் பொய் சொல்லித் தொலைபேசி செய்ய வேண்டாம். வருகைப் பதிவு அலுவலருக்கு அன்று ஒரே நாளில் நூறு காய்ச்சல் வந்திருக்கும்.

பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குவது "சீனியர் பிராங்க்" எனப்படும் கூட்டுக் குறும்புதான். கோழிகளையோ வெட்டுக்கிளிகளையோ கட்டடத்துக்குள் விடுவது, தரையில் எண்ணெய் ஊற்றுவது, மினுமினுப்புத் தூளை இறைப்பது எல்லாம் பழைய சரக்கு. அவற்றில் மாணவர்களின் சிரிப்பு ஐந்து நிமிடம், துப்புரவுப் பணியாளரின் வேலை ஐந்து மணி நேரம். சொற்களில் செய்யும் குறும்பு பாதுகாப்பானது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அதிலும் கண்ணி இருக்கிறது. 2018இல் மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் ஒரு சீனியர் தன் பள்ளியைக் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்னும் இணைய வரிவிளம்பரத் தளத்தில் விற்பனைக்குப் போட்டு, விற்கும் காரணத்தை, வரவிருக்கும் மாணவர் இழப்பு என்று எழுதினார். அவர் சொல்ல வந்தது தம் வகுப்பு படித்து முடித்து வெளியேறுவதை; ஆனால் துப்பாக்கிச் சூடுகளுக்கு அஞ்சி வாழும் நாட்டில் பள்ளி நிர்வாகம் அதை அச்சுறுத்தலாகப் படித்து, அவரை இடைநீக்கம் செய்து, பட்டமளிப்பு மேடையையும் மறுத்தது. நீதிமன்றம் போயும் அவருக்கு மேடை கிடைக்கவில்லை. 2023இல் மேரிலாந்தில் வேறொரு பள்ளியின் மாணவர்கள் ஏறக்குறைய இதையே வீடு விற்கும் ஸில்லோ தளத்தில் செய்து, பள்ளியைப் பாதி இயங்கும் சிறைச்சாலை என்று வர்ணித்து 42,069 டாலர் விலை வைத்தார்கள், நாடே சிரித்தது. இரண்டு விளம்பரங்களையும் பிரித்தது ஒரே ஒரு தொடர்தான். ஆகவே எழுத்தில் செய்யும் குறும்பை, உங்கள் பிள்ளையை அறியாத ஒருவர், கெட்ட செய்தி வந்த ஒரு காலை வேளையில் படித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் படித்துப் பாருங்கள்.

துடைப்பவருக்கும் தொல்லை தராத குறும்புக்கு என் சிபாரிசு, ஒட்டுத்தாள்களால் முதல்வரின் அறைக் கதவை மூடுவது. மூன்று அடி அகலமும் ஏழு அடி உயரமும் உள்ள கதவில், மூன்று அங்குலச் சதுரத் தாள்களை இடைவெளியின்றி ஒட்டினால் குறுக்கே 12, நெடுக்கே 28, ஆக 336 தாள்கள். நூறு தாள் கொண்ட கட்டு நான்கு போதும். முதலில் கட்டம் போட்ட தாளில் 12க்கு 28 என்று வரைந்து, பள்ளியின் சின்ன விலங்கையோ முதல்வரின் மூக்குக்கண்ணாடியையோ கட்டம் கட்டமாக நிறம் தீட்டித் திட்டமிட வேண்டும். புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய அம்மாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் இந்த வேலை அரை மணியில் முடிந்துவிடும். வரிசை கோணாமல் இருக்க மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். கதவின் கைப்பிடியையும் எச்சரிக்கைப் பலகைகளையும் விட்டுவிடுங்கள். ஓர் ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, மாலையில் கட்டடம் திறந்திருக்கும்போதே செய்யுங்கள். இரவில் பூட்டிய கட்டடத்துக்குள் நுழைந்தால் அது குறும்பு அல்ல, அத்துமீறல். மறுநாள் முதல்வர் படம் எடுத்துக்கொண்ட பிறகு, ஒட்டியவர்களே உரித்து மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட வேண்டும்.

அனுமதி, அனுமதி என்று நான் சொல்வது பயந்த சுபாவத்தால் அல்ல. கல்லூரி அனுமதிக் கடிதம் நிபந்தனைக்கு உட்பட்டது. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 2017இல், தனிப்பட்ட முகநூல் குழுவொன்றில் அருவருப்பான கேலிப் படங்களைப் பகிர்ந்ததற்காகக் குறைந்தது பத்துப் பேரின் அனுமதியைத் திரும்பப் பெற்றது. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு: எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்வி விசா விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது. குடியுரிமை உள்ள நண்பன் சிரித்து மறந்துவிடும் ஓர் இரவு நம் பிள்ளையின் கோப்பில் தங்கிவிடலாம் என்பதை, மிரட்டாமல், ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.

நீர்த்துப்பாக்கி கொண்டு ஒருவரையொருவர் வேட்டையாடும் "அசாசின்" விளையாட்டுக்கும் இதே கதைதான். நீச்சல் கண்ணாடியோ காற்றடித்த மிதவையோ அணிந்திருப்பவரைச் சுடக் கூடாது என்ற விதியால், பெரிய பிள்ளைகள் வாத்து மிதவையோடு மளிகைக் கடையில் பால் வாங்கும் காட்சி கிடைக்கும். அதை நீங்களும் ரசிக்கலாம். பொம்மைத் துப்பாக்கி கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கட்டும். அடுத்த வீட்டு வேலிக்குள் ஒளிவதும், இருட்டில் காரை விரட்டிப் போவதும் வேண்டாம். அவற்றுக்காகக் காவல்துறையை அழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பட்டமளிப்புத் தொப்பியின் மேற்புறம் ஏறத்தாழ ஒன்பதரை அங்குலச் சதுரம். பள்ளி அனுமதித்தால் அதில் எழுதலாம், வரையலாம். ஆனால் தொப்பியில் நேரடியாகப் பசை தடவாமல் அட்டையில் செய்து ஒட்டுங்கள், குஞ்சம் தொங்கும் நடுப்பொத்தானுக்கு ஓட்டை விடுங்கள். மேடையில் செய்யத் தக்க குறும்பாக ஒன்றைச் சொல்வேன்: கைகுலுக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு கோலிக்குண்டை முதல்வரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு நகர்வது. பத்தாவது ஆளிலேயே அவருக்குப் புரிந்துவிடும். நூறாவது ஆளுக்குள் அங்கியின் பைகள் தொங்கத் தொடங்கும். உருண்டு கீழே விழுந்தால் மேடையில் யாராவது வழுக்குவார்கள் என்று தோன்றினால், கோலிக்கு மாற்றாகத் தட்டையான ஒரு சென்ட் நாணயத்தை வையுங்கள்.

கடைசியாகப் பெயர்ச்சீட்டு. மேடையில் பெயரை வாசிப்பவருக்காக, உச்சரிப்பைப் பிரித்து எழுதிக் கொடுக்கும் சீட்டு ஒன்றை ஒத்திகையின்போது தருவார்கள். யாழினி, எழில், கயல்விழி என்ற பெயர்களில் உள்ள ழகரம் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாக மாறி வாசிப்பவரின் நாவில் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். சரியான எழுத்துக்கூட்டலை மறந்துவிட்டு, அவர் வாயில் எது ஓரளவு ஒத்து வருமோ அதை எழுதுங்கள். லகரமாக வந்தாலும் போதும். என் மகள் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள், பெயரும் ஓரளவு பெயராகவே ஒலித்தது. கைதட்டலை எல்லாப் பெயர்களும் முடியும்வரை நிறுத்தி வைக்குமாறு ஒலிபெருக்கியில் இருமுறை அறிவித்திருந்தார்கள். ஆங்கிலம் தெரியாத என் அம்மா, பேத்தி மேடையேறியதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று, ஐயாயிரம் பேர் அமரும் அரங்கத்தில் ஒரு குலவை போட்டார். இரண்டு வரிசை தள்ளியிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்துவிட்டு, தங்கள் பையன் பெயர் வந்ததும் அதேபோல் ஒன்று போட்டுத் தர முடியுமா என்று எங்களிடம் கேட்டது.