ஊரைவிட்டு அனுப்பாமல் உதவுவது எப்படி: கனடாவின் வடக்கில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பேசுவோருக்கு

மானிட்டோபா மாகாணத்தின் வடபகுதியில் உள்ள நார்வே ஹவுஸ் கிரீ நேஷன் என்னும் முதற்குடிச் (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் எனப்படும் பூர்வகுடிச்) சமூகத்தைச் சேர்ந்த குடும்பத்தில், 1999-ஆம் ஆண்டு பல மருத்துவச் சிக்கல்களோடு பிறந்த குழந்தை ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன். இரண்டு வயதில் அவனை மருத்துவமனையிலிருந்து ஒரு வீட்டுச் சூழலுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் வீட்டுப் பராமரிப்புக்கான செலவை ஏற்க வேண்டியது மத்திய அரசா, மாகாண அரசா என்ற தகராறு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டு, அது தீருவதற்குள் 2005-இல், ஐந்து வயதில், அவன் மருத்துவமனையிலேயே இறந்துபோனான். பெற்றோரின் வீட்டில் ஒரு நாள்கூட அவன் இருந்ததில்லை.

வடக்கே செவிலியராகவோ ஆசிரியராகவோ சமூகப் பணியாளராகவோ வேலைக்குப் போகிற எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இந்தச் சிறுவனைத்தான். மாற்றுத்திறனாளி ஒருவருக்காகப் பேசுவது என்றால், அங்கே பெரும்பாலும் அவர் தம் ஊரிலேயே, தம் மக்களோடு, தம் மொழி கேட்கும் தொலைவில் வாழ்வதற்கு வழிசெய்வது என்றே பொருள். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு செயலையும் இந்த ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: இது அவரை ஊரில் இருக்க வைக்குமா, ஊரைவிட்டு எடுத்துவிடுமா?

முதல் வேலை, கேட்பது. 1950-களிலும் 60-களிலும் காசநோய் கண்ட, ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களைக் கப்பலில் ஏற்றித் தெற்கே உள்ள மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதுகூடப் பல குடும்பங்களுக்கு நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. இதற்காகக் கனடாவின் பிரதமர் 2019 மார்ச்சில், வடக்கிலுள்ள நுனாவுட் ஆட்சிப்பகுதியின் தலைநகரான இக்காலுயிட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோன உறைவிடப் பள்ளிகளின் நினைவும் வீடுதோறும் இருக்கிறது. ஆகவே படிவத்தோடு வாசலில் நிற்கும் அயலாரைக் கண்டு ஒரு பாட்டி வாய்திறக்காமல் இருந்தால், அதை ஒத்துழையாமை என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். அந்த வீட்டார் நம்பும் ஒருவரோடு செல்லுங்கள். முதல் சந்திப்பில் படிவத்தை வெளியே எடுக்காதீர்கள். மொழிபெயர்க்கும் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளின் தலையில் கட்டாதீர்கள். மூத்தவர் பேசி நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்வியைத் தொடுக்க வேண்டாம். அந்த மௌனமும் அவர் பேச்சின் பகுதியாக இருக்கலாம்.

செவித்திறன் இல்லாதவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். நுனாவுட்டில் சிலர் இனுயிட் சைகை மொழியைப் பயன்படுத்துகிறார்கள். அது அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து வேறானது என்பதால், காணொளி வழியே தெற்கிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவர் கையசைவு இவருக்கு எட்டாமல் போகலாம். 2019-இல் நடைமுறைக்கு வந்த அணுகல்வசதிச் சட்டம், பூர்வகுடிச் சைகை மொழிகளையும் செவித்திறனற்றோரின் முதன்மைத் தொடர்பு மொழிகளாக ஏற்றிருக்கிறது. அந்தச் சட்டத்தைச் சுட்டி, அவரோடு சைகையில் பேசிப் பழகிய உறவினரை உரையாடலில் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, வீட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். நிலத்தடி உறைமண் இளகிவிடாதிருக்க நுனாவுட்டின் பல வீடுகள் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டப்பட்டுள்ளன. எனவே வாசலுக்கே பல படிகள் இருக்கும். சக்கர நாற்காலிக்கு அனுமதி வாங்கிவிட்டுச் சாய்தளத்தை மறந்தால், அந்த நாற்காலி வீட்டுக்குள்ளேயே முடங்கும். சாய்தளம் மரப்பலகையில் அமைந்தால் பனி அதன்மேல் இறுகி வழுக்கும். கம்பிவலைத் தளமானால் பனி கீழே உதிர்ந்துவிடும். நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் பனியில் புதையும், கடுங்குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும். பழுதானால் உதிரிபாகம் விமானத்தில் வர வேண்டும், கனமான பொருளாயின் கோடையில் மட்டும் வரும் சரக்குக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே விண்ணப்பத்திலேயே அகலச் சக்கரங்களையும் மாற்று மின்கலத்தையும் உதிரிபாகங்களையும் சேர்த்துக் கேளுங்கள். பின்னால் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு பனிக்காலமே கழிந்துவிடும்.

பணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் பெரும்பாலோர் சோர்ந்துபோகிறார்கள். முதற்குடிக் குழந்தையானால் ஜோர்டன் கோட்பாடு இருக்கிறது: குழந்தைக்கு வேண்டியதை முதலில் கொடுத்துவிட்டு, எந்த அரசு செலவேற்பது என்பதைப் பிறகு தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். 2007 டிசம்பரில் நாடாளுமன்றம் அதை ஏற்றது. ஆனால் அரசு அதைக் குறுக்கி நடத்துகிறது என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016 ஜனவரியில் சொல்ல வேண்டியிருந்தது. தனிக் குழந்தைக்கான அவசர விண்ணப்பத்தில் 12 மணி நேரத்துக்குள்ளும் மற்றவற்றில் 48 மணி நேரத்துக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்று அதே தீர்ப்பாயம் 2017-இல் உத்தரவிட்டது. நடப்பில் தாமதம் மிகுதி. அதனாலேயே அந்த உத்தரவைக் கடிதத்தில் குறிப்பிடுவது நல்லது. இனுயிட் குழந்தைகளுக்கு ‘இனுயிட் சைல்ட் ஃபர்ஸ்ட்’ என்ற தனித் திட்டம் உண்டு. வயது வந்தோருக்கு, பதிவுபெற்ற முதற்குடியினரும் இனுயிட் மக்களும் பெறும் கூடுதல் மருத்துவ நலத் திட்டத்தின் வழியே கருவிகளும் மருத்துவப் பயணச் செலவும் கிடைக்கும். மறுக்கப்பட்டால் மூன்று நிலை மேல்முறையீடு உண்டு. மாற்றுத்திறனாளி வரிச்சலுகைப் படிவத்தில் மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டும் என்று பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மேற்பயிற்சி பெற்ற செவிலியரான நர்ஸ் பிராக்டிஷனரும் சான்றளிக்கலாம். மருத்துவர் எப்போதாவது வந்துபோகும் ஊர்களில் இது பெரிய வாசல்; 2025 ஜூலையில் தொடங்கிய, 18 முதல் 64 வயதினருக்கான (தொடக்கத்தில் மாதம் அதிகபட்சம் 200 டாலர்) உதவித்தொகையும் இந்தச் சான்று இருந்தால்தான் கிடைக்கும்.

கடிதம் எழுதும்போது நோயின் பெயரை விளக்கிப் பக்கங்களை நிரப்ப வேண்டாம். என்ன தேவை, அது இல்லாமையால் இன்று என்ன நடக்கிறது, விலை என்ன, யார் பரிந்துரைக்கிறார் என்பவை போதும். ‘நடமாட்டச் சிரமம் உள்ளது’ என்பதைவிட, ‘கழிப்பறைக்குப் போக மகன் வேலையிலிருந்து வரும்வரை காத்திருக்கிறார்’ என்ற வரி அதிகாரியின் மனத்தில் தைக்கும். ஆனால் அந்த வரியை அவருக்குப் படித்துக்காட்டி, அவர் சரி என்ற பிறகே அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியவர் பெயர், நாள், சொன்ன பதில் ஆகியவற்றை ஒரே நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள்.

தெற்கே போவது சில வேளைகளில் தவிர்க்க முடியாது. நுனாவுட்டின் 25 ஊர்களில் எதற்கும் வெளியிலிருந்து சாலை இல்லை. பாஃபின் பகுதியினர் ஒட்டாவாவுக்கும், கிவாலிக் பகுதியினர் வின்னிபெக்குக்கும் விமானத்தில் அனுப்பப்படுகிறார்கள். அப்போது துணைக்கு ஒருவர் வருவதற்கான அனுமதியை முன்கூட்டியே, மருத்துவக் காரணத்தோடு, கேட்டு வாங்குங்கள். திரும்பும் நாளையும், திரும்பியபின் வீட்டில் என்ன ஏற்பாடு என்பதையும் புறப்படும் முன்பே பேசிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அந்தப் பேச்சு நடக்காமல் போனவர்கள்தான் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

சமூக நலம் என்பதை இதிலிருந்து பிரிக்க முடியாது. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் ஊரே கிளம்பும்போது ஒருவர் மட்டும் சன்னலருகே உட்கார்ந்திருந்தால், எந்தச் சிகிச்சையும் அந்தக் குறையை ஈடுசெய்யாது. ஸ்னோமொபைல் இழுக்கும் கமுட்டிக் சறுக்குவண்டியில் முதுகு சாய ஒரு பலகையும், இடுப்புக்கு ஒரு பட்டையும், கதகதப்பான தோல் விரிப்பும் அமைத்துத் தர ஊரிலேயே கைவினைஞர்கள் இருப்பார்கள்; அவர்களைக் கேளுங்கள். ஊர்க்கூட்டத்தில் சாய்தளத்தையோ பனி அகற்றலையோ பேச வேண்டுமானால், மாற்றுத்திறனாளிகளே பேசட்டும். நீங்கள் நாற்காலிகளை ஒதுக்கி வழிவிடுங்கள். கணக்கெடுப்பு நடத்த நேர்ந்தால், அந்தத் தரவு சமூகத்துக்கே உரியது என்ற முதற்குடிகளின் நெறியை மதித்து, முன்பே ஒப்புதல் பெறுங்கள். நுனாவுட்டில் ‘நுனாவும்மி டிஸெபிலிட்டீஸ் மகின்னாசுவக்தீட்’ சங்கமும், பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1991 முதல் இயங்கும் பூர்வகுடி மாற்றுத்திறனாளிகள் அமைப்பும் இந்தப் பாதையில் நெடுந்தூரம் நடந்தவை; புதிதாக எதையும் தொடங்கும் முன் அவர்களிடம் பேசுங்கள்.

வெளியிலிருந்து வரும் பணியாளர்கள் அங்கே அடிக்கடி மாறுவார்கள். நீங்களும் ஒருநாள் கிளம்புவீர்கள். ஆகவே அந்த நோட்டுப் புத்தகத்தை முதல் நாளிலிருந்தே குடும்பத்தின் வீட்டில், அவர்கள் மொழியில் தலைப்பிட்டு வையுங்கள். அடுத்து வரும் செவிலியர் கதவைத் தட்டும்போது, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டிய பாடு அந்தத் தாய்க்கு நேராமல், ஏட்டைத் திறந்து விட்ட இடத்தைக் காட்டினால் போதும்.