இடியப்பத்துக்கு முன் பம்பில் என்ன பதிவது?

எங்கள் மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு. தானியங்கி இன்சுலின் பம்ப் வந்த புதிதில் அவள் கேட்டாள்: "அம்மா, இது தானே இன்சுலின் விடும். பிறகு நான் ஏன் சாப்பாட்டைக் கணக்குப் பார்க்க வேணும்?"

நியாயமான கேள்வி. உடம்பில் ஒட்டிய சென்சர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சீனி அளவை அனுப்ப, பம்ப் அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டும், குறைக்கும். ஆனால் தட்டில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சென்சர் பார்ப்பதும் இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திரவத்தை. அதனால் அது காட்டும் அளவு சில நிமிடம் பின்தங்கும். தோலுக்கடியில் போகும் இன்சுலின் உச்சத்துக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். சீனி ஏறியதைக் கண்டபிறகு பம்ப் ஓடத் தொடங்கினால் சாப்பாட்டை எட்டிப் பிடிக்காது. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மெட்ரோனிக் 670ஜி பம்பைப் பாதித் தானியங்கி என்று சொன்னதும் இதனால்தான்: சாப்பாட்டை நாம்தான் அறிவிக்க வேண்டும்.

படி 1: மாச்சத்தை (கார்போஹைட்ரேட்டை) எண்ணுங்கள்

இடியப்பத்தை எண்ணிக்கையில் கணக்கிட்டால் பிழையாகும். வீட்டுக்கு வீடு அதன் பருமன் வேறு. நான் மாவை நிறுப்பேன். உலர்ந்த அரிசிமா 100 கிராமில் ஏறத்தாழ 80 கிராம் மாச்சத்து. 250 கிராம் மா எடுத்தால் 200 கிராம். அதில் 20 இடியப்பம் ஒரே அளவாகப் பிழிந்தால் ஒன்றுக்கு 10 கிராம். கொழும்பு வெள்ளவத்தைக் கடையில் வாங்கினால், வீட்டு இடியப்பத்தோடு தராசில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சொதியில், சம்பலில் மாச்சத்து சொற்பம்.

படி 2: பதியுங்கள்

ஐந்து இடியப்பம் என்றால் 50 கிராம். டொக்டர் தந்த விகிதம் 10 கிராமுக்கு 1 யூனிட் என்றால் பம்ப் 5 யூனிட் காட்டும். இது உதாரணம் மட்டுமே. விகிதம் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். 2023இல் அனுமதி கிடைத்த ஐலெட் பம்பில் கிராம் கேட்பதில்லை. வழக்கமான அளவா, கூடவா, குறைவா என்று சொன்னால் போதும். அதிலும் சொல்லாமல் விடக் கூடாது.

படி 3: பொறுங்கள்

பதிந்து சுமார் 15 நிமிடம் கழித்துச் சாப்பிடுவது நல்லது. சீனி ஏற்கனவே இறங்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம்.

படி 4: மறந்துவிட்டால்

பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடம் இது. சாப்பிட்டு முக்கால் மணித்தியாலம் கழித்து நினைவு வந்து முழு 50 கிராமையும் பதிவார்கள். அதற்குள் பம்ப் ஏற்றத்தைக் கண்டு தானாகக் கொஞ்சம் விட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து பிறகு சீனியைக் கீழே இழுத்துவிடும். ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால் பாதிக் கிராமை மட்டும் பதிவது, அதற்கு மேல் என்றால் பம்பையே திருத்தவிடுவது என்பது பொதுவான ஆலோசனை. உங்கள் பம்புக்கு என்ன எல்லை என்று டொக்டரிடம் கேட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

இரவில் கொத்துரொட்டி என்றால் இன்னொன்று: எண்ணெய் செரிமானத்தைத் தாமதமாக்குவதால் சீனி மூன்று, நான்கு மணித்தியாலம் கழித்தும் ஏறும். அதைப் பெரும்பாலும் பம்ப் தூக்கத்தில் சமாளிக்கும். இல்லாத சாப்பாட்டை இருப்பதாகப் பதிந்து அதை ஏமாற்றாதீர்கள்.

சீனி 70 mg/dLக்குக் கீழே போய்க் குளுக்கோஸ் கொடுத்தால், அந்தக் குளுக்கோஸைச் சாப்பாடாகப் பதியவே கூடாது. பதிந்தால் அதற்கும் இன்சுலின் விடப் பார்க்கும்.