பிள்ளைகளின் கதைப் புத்தகங்களை வழியனுப்புவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

பிள்ளையின் பழைய சட்டையைக் கொடுக்க யாரும் பெரிதாகத் தயங்குவதில்லை. பத்தவில்லை, அவ்வளவுதான். புத்தகம் அப்படியல்ல, அது பத்தாமல் போவதே இல்லை. பத்து வயதிலும் புரட்டலாம், நாமும் புரட்டலாம். அதனால்தான் அலமாரி பிதுங்கும்வரை தள்ளிப்போடுகிறோம்.

இதற்குத் தேவையானவை கொஞ்சம்தான்: சிறிய அட்டைப்பெட்டிகள் சில, பென்சில், நல்ல ரப்பர், மெல்லிய துணி, கையில் ஒரு போன். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மட்டும் உட்காராதீர்கள்.

படி 1: பிரிய முடியாதது யாருக்கு என்று பாருங்கள்

எந்தப் பெட்டியையும் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. டொனால்ட் வினிகாட் ஒரு பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட. குழந்தைகள் கையோடு இழுத்துக்கொண்டு திரியும் போர்வை, பொம்மை ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1953-ல் வெளிவந்தது. வளர்ந்தபின் குழந்தை அதை மறப்பதும் இல்லை, அதற்காகத் துக்கப்படுவதும் இல்லை. அதன் மேலிருந்த பிடிப்பு தானாகக் கரைந்துவிடுகிறது என்பது அவர் சொன்னது. தினமும் தூங்கும்போது பக்கத்தில் இருந்தே ஆகவேண்டிய கதைப் புத்தகத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சந்தேகமிருந்தால் ஒரு புத்தகத்தை நீட்டி, "இது வேணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "அய்ய, இது பாப்பா புக்கும்மா" என்று சொல்லிவிட்டு, பிள்ளை தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். தொண்டை அடைப்பது உங்களுக்குத்தான். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் "அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், அதான் வச்சிருக்கேன்" என்று பிள்ளை பெயரில் கணக்கு எழுதாதீர்கள். உங்களுக்கு வேண்டுமென்றால் உங்களுக்கென்றே எடுத்து வையுங்கள். பிள்ளையின் அடுக்கு வேறு, உங்கள் அடுக்கு வேறு. இந்த ஒன்றைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நீங்கள் குப்பை என்று நினைத்த, பாதி அட்டை போன ஏதோ ஒன்றைப் பிள்ளை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். அங்கே பிள்ளை சொல்வதுதான் கடைசிச் சொல். பள்ளிக்குப் போன நேரத்தில் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த முறை ஒரு தாளைக்கூட விட்டுத்தராது.

படி 2: எல்லாவற்றையும் தரையில் இறக்குங்கள்

கட்டிலுக்கடியில், பையில், கார் சீட்டுக்குப் பின்னால் இருப்பவை உட்பட. ஒவ்வொன்றையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறுங்கள். போட்டோ, உலர்ந்த இலை, பிள்ளை வரைந்த படம் என்று ஏதாவது விழும். இப்போதைக்கு எதையும் உட்கார்ந்து படிக்காதீர்கள்.

படி 3: கதை வேறு, பிரதி வேறு

அதிகம் படித்த புத்தகத்தை வைத்துக்கொள், படிக்காததைக் கொடு என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வரிவரியாக மனப்பாடமான கதை எங்கும் போகாது. பதிப்பில் இருக்கும் புத்தகம் என்றால் நாளைக்கே இன்னொன்று வாங்கலாம். பின்னட்டையில் பார்கோடுக்குப் பக்கத்தில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரும் அடையாள எண்ணைக், குறித்துக்கொண்டால் அதே பதிப்பைத் தேடிப்பிடிக்கலாம். 2007 முதல் அது 13 இலக்கம். அதற்கு முந்தைய புத்தகங்களில் 10 இலக்கமாக இருக்கும். ஆக, கதைக்காக ஒரு புத்தகத்தைப் பிடித்துவைக்கத் தேவையில்லை.

வாங்க முடியாதது அந்தப் பிரதி. ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல் மூலையில் அட்டை பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கும், பல் பதிந்த இடம் இறுகிக் காய்ந்திருக்கும். யானை இருக்கும் பக்கத்தில் மட்டும், விரல் தொட்டுத் தொட்டு, தும்பிக்கை வெளுத்திருக்கும். முதல் பக்கத்தில் தாத்தாவின் கோணல் கையெழுத்து, கீழே தேதி. இப்படி ஏதாவது தடம் இருந்தால் அது வைத்துக்கொள்ளும் அடுக்குக்குப் போகட்டும். தடமே இல்லாமல் பளபளவென்று இருப்பது, எவ்வளவு நல்ல கதையானாலும், வேறொரு பிள்ளையிடம் போகலாம்.

அந்த வெளுத்த தும்பிக்கையைக் குறைவாக எடைபோடாதீர்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்து 2011-ல் வெளியான ஆய்வொன்றில், வெவ்வேறு கதைகளைக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகளைவிட ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தைகள் புதுச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். "மறுபடியும் இதேவா?" என்று நாம் சலித்துக்கொண்ட ராத்திரிகள் வீண்போகவில்லை.

எத்தனை வைத்துக்கொள்ளலாம்? எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், இடத்தை முடிவு செய்யுங்கள். பிள்ளைக்கு ஒரு தட்டு, உங்களுக்கு ஒரு பெட்டி. நிரம்பிவிட்டதா, ஒன்று உள்ளே போக ஒன்று வெளியே வரவேண்டும். முடிவே எடுக்க முடியாதவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதி மூடுங்கள். ஆறு மாதம் யாரும் கேட்கவில்லை என்றால் திறக்காமலே அனுப்பலாம்.

படி 4: படமும் குரலும்

அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக விடுதிகளில் ஒரு பரிசோதனை நடந்தது. அதன் முடிவுகள் 2017-ல் வெளியாயின. மனதுக்கு நெருக்கமான பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள் என்று சில விடுதிகளில் அறிவித்தார்கள், மற்றவற்றில் வெறுமனே கொடுங்கள் என்றார்கள். படம் எடுக்கச் சொன்ன இடங்களில் சுமார் 15 சதவீதம் கூடுதலாகப் பொருட்கள் வந்தன. விட மனமில்லாதது பெரும்பாலும் நினைவை, பொருளை அல்ல.

அட்டை, கிறுக்கல் உள்ள பக்கம், கையெழுத்து ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து பிறருக்கு அனுப்புவது பதிப்புரிமைச் சிக்கல், அது வேண்டாம். படத்தைவிட எனக்குப் பிடித்தது குரல். பாட்டியோ, இப்போது தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளையோ ஒரு கதையை வாசிக்க, போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் வரும் சிரிப்பை வெட்டிவிடாதீர்கள்.

படி 5: கொடுக்கும் முன் சோதனை

இதில் அவசரம் கூடாது. பட்டனை அழுத்தினால் சத்தம் வரும் புத்தகங்களில் பட்டன் பேட்டரி இருக்கும். மூடியின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் பேட்டரியை எடுத்துவிட்டுக் கொடுங்கள். குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது அது. நீங்கள் சிறுவயதில் படித்த புத்தகங்களும் குவியலில் இருந்தால் இன்னொன்று: 1985-க்கு முன் அச்சான சில வண்ணப் புத்தகங்களின் மையில் ஈயம் இருக்கலாம். எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு அவை போகவேண்டாம்.

பூஞ்சை வாடையடிப்பதை யாருக்கும் கொடுக்காதீர்கள். பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும். இராமபாணப் பூச்சி அரித்த தடம் தெரிந்தால், புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒருநாள் அப்படியே விட்டு, குளிர் முழுக்க விட்டபின் திறந்தால்தான் தாளில் ஈரம் பிடிக்காது. இது பூச்சிக்கான வைத்தியம் மட்டும், பூஞ்சை இதில் சாகாது.

பென்சில் கிறுக்கலை ரப்பரால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழியுங்கள். வழவழ அட்டையை லேசாக ஈரமான துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிள்ளையின் பள்ளி, முகவரி, போன் எண் எழுதியிருந்தால் மறைத்துவிடுங்கள். பெயர் மட்டும் இருந்தால் இருக்கட்டும் என்பேன். அடுத்து வாங்கும் பிள்ளைக்கு அது ஒரு சுவாரசியம்.

படி 6: வைத்துக்கொள்பவற்றுக்கு

பெட்டியில் படுக்கவைத்து அடுக்குங்கள், பெரியது அடியில். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதிலுள்ள அமிலம் நல்ல தாளையும் மஞ்சளாக்கும். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டினால் சில வருடத்தில் பழுப்பேறிக் கறை விட்டுவிடும். வெயிலில் கொதிக்கும் பரணும் ஈரச் சுவரும் ஆகாது. பாச்சா உருண்டை போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் இருக்கக்கூடிய நாஃப்தலின் புகை கைக்குழந்தைகளுக்கு, குறிப்பாக ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு, இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. பேரப்பிள்ளைக்கென்று வைத்திருக்கும் பெட்டியில் அது எதற்கு?

படி 7: அனுப்புங்கள்

முதலில் கேளுங்கள், பிறகு கொண்டுபோங்கள். நூலகங்கள் பலவற்றில் நன்கொடைப் புத்தகம் நேராக அலமாரிக்குப் போவதில்லை. விற்று நிதியாக்கும் வழக்கமும் உண்டு. சில மருத்துவமனைகள் தொற்றுப் பயத்தால் பழையதை வாங்குவதில்லை. தெரிந்த வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், வயதுக்கு ஏற்றபடி கட்டிக் கொடுப்பதே நல்லது. திருப்பித் தரவேண்டுமா வேண்டாமா என்று அப்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் இதில்தான்.

ஆளைத் தேட முடியாதவர்களுக்குத் தெருவோர நூலகப் பெட்டி இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்த தன் அம்மாவின் நினைவாக, குட்டிப் பள்ளிக்கூடம் போன்ற மரப்பெட்டி ஒன்றைச் செய்து, புத்தகங்கள் நிரப்பி வீட்டு முன் வைத்தார். இப்போது பல நாடுகளில் அந்தப் பழக்கம் உண்டு. கிழிந்து நைந்தவை தானம் அல்ல. தாள் மறுசுழற்சிக்குப் போகட்டும். பிளாஸ்டிக் பூச்சும் பேட்டரியும் உள்ளவற்றை அதில் சேர்க்காதீர்கள்.

பெட்டி சிறியதாகவே இருக்கட்டும், புத்தகம் கனக்கும். மூடி ஒட்டியதும் அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிடுங்கள். வாசலில் இரண்டு நாள் கிடந்தால் ஒவ்வொன்றாக அலமாரிக்கே திரும்பிவிடும், அதுவும் பிள்ளை கையால் அல்ல.