பெயிண்ட் கடைசியில்தான்: வீட்டில் ஹாட் ராட் கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1932-இல் ஃபோர்டு கம்பெனி, சாமானியரும் வாங்கக்கூடிய விலையில் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் போட்ட காரை விற்க ஆரம்பித்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். தெற்குக் கலிபோர்னியாவின் இளவட்டங்கள் அந்தக் கார்களை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மியூராக், எல் மிராஜ் வறண்ட ஏரிப்படுகைகளில் விரட்டினார்கள். இப்படி வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய பாணிக் கார்தான் ஹாட் ராட்; அந்த மோகம் வளர்ந்தது அங்கேதான். இன்று அந்தக் காலத்து இரும்பு பாடி நல்ல நிலையில் கிடைப்பது அரிது. அதனால் அமெரிக்காவில் பலரும் புது சேஸிஸும் ஃபைபர்கிளாஸ் பாடியும் கொண்ட கிட்டை (நாமே பூட்ட வேண்டிய பாகங்களின் தொகுப்பு) வாங்கி, வீட்டு கராஜில் கட்டுகிறார்கள்.

இதில் பாதியில் நின்றுபோகும் வண்டிகள் நிறைய. கட்டுகிறவருக்குக் கைவேலை தெரியாததால் அவை நிற்பதில்லை. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்ற வரிசை தவறும்போதுதான் பெரும்பாலும் வேலை நின்றுபோகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கிட் வந்திறங்கிய அன்றே பெட்டிகளைப் பிரித்து, பட்டியலோடு ஒவ்வொரு சாமானையும் ஒத்துப் பாருங்கள். ஒரு பிராக்கெட் வரவில்லை என்று ஆறு மாதம் கழித்துச் சொன்னால் கம்பெனிக்காரர் கேட்டுக்கொள்வாரா? "முழு கிட்" என்று விற்பதிலும் பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரம், டயர், பெயிண்ட் எல்லாம் உங்கள் செலவுதான். கிட் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போட்டவர்கள்தான் நடுவில் திணறுகிறார்கள். பதிவு வேலையையும் முதலிலேயே விசாரித்துவிட வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் இப்படிச் சொந்தமாகக் கட்டிய வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாட்டில் சலுகை உண்டு. ஆனால் ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டும். கம்பெனி தரும் மூலச் சான்றிதழ் தொடங்கி வாங்கிய ஒவ்வொரு சாமானின் ரசீது வரை பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லோரையும் இழுக்கிற தவறு பெயிண்ட். பாடி வந்ததும் கதவைப் பொருத்தி, இடைவெளியைச் சரிசெய்து, பட்டி பார்த்து, பளபளவென்று அடித்துவிட ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். வெறும் சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கும் பாடியும், இன்ஜின், கண்ணாடி, சீட் எல்லாம் ஏறிய பாடியும் ஒரே மாதிரி நிற்காது. பாரம் ஏறியதும் கதவு இடைவெளி நகரும். முதலில் பாடியே இல்லாமல் சேஸிஸை ஓட்டிப் பாருங்கள். பிறகு பாடியை ஏற்றி, பெயிண்ட் இல்லாமலேயே சில நூறு மைல் ஓட்டுங்கள். எங்கே உரசுகிறது, எங்கே ஒழுகுகிறது, எந்த ஓட்டையைத் தள்ளிப் போட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எல்லாம் சரியான பிறகு பிரித்து, அதன்பின் பெயிண்ட். போதாததற்கு, பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலே பெயிண்ட் உரிந்து வந்துவிடும்.

பிரேக்கில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பல ஹாட் ராட்களில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) காலடியில், ஃப்ளோருக்குக் கீழே இருக்கும். சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரைவிட அது தாழ்வாக இருப்பதால், பெடலை விட்டதும் ஆயில் மெல்லத் திரும்பி ஓடிவரும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் ஃப்ளோர் வரை போகும். இரண்டாம் மிதிக்குத்தான் பிடிக்கும். பலர் இதைக் காற்று என்று நினைத்து நாள் முழுக்க ஏர் எடுத்துக்கொண்டிருப்பார்கள். லைனில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு போட்டால் தீரும்: டிஸ்க் பிரேக்குக்கு 2 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு அழுத்தம்), டிரம்முக்கு 10. இவற்றை மாற்றிப் போட்டுவிட்டால் டிஸ்க்கில் பேட் விடாமல் உரசிச் சூடேறும். டிரம்முக்கான சில மாஸ்டர் சிலிண்டர்களுக்குள்ளேயே இந்த வால்வு இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைப் விஷயத்தில் சமரசமே கூடாது. சாதாரணச் செம்புக் குழாயோ, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கம்ப்ரெஷன் ஜாயின்டோ பிரேக்குக்கு ஆகாது. ஸ்டீல் பைப்பை நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு நீக்கி, நட்டை முதலில் நுழைத்துவிட்டு, பிறகுதான் 45 டிகிரி டபுள் ஃப்ளேர் (பைப்பின் வாயை விரித்து இரட்டையாக மடிப்பது) அடிக்க வேண்டும். நட்டை மறந்து ஃப்ளேர் அடித்தால் அதை வெட்டி எறிய வேண்டியதுதான். வீணான துண்டுப் பைப்பில் கை பழகிக்கொண்டு, அதற்குப் பிறகு வண்டியில் கை வையுங்கள்.

அடுத்தது எர்த். இரும்பு பாடியில் எங்கே திருகினாலும் எர்த் கிடைக்கும். ஃபைபர்கிளாஸில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு லைட்டுக்கும் கேஜுக்கும் தனி எர்த் வயர் இழுத்து, சேஸிஸோடு இணைந்த ஒரு கட்டையில் சேர்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கும் தடித்த கேபிள் வேண்டும். போல்ட் உட்காரும் இடத்தில் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி இரும்பு தெரியவைத்து முடுக்குங்கள். இன்ஜின் எர்த் சரியில்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாயப் பார்க்கும்; கேபிள் கொதித்துவிடும். இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் ஆடுகிறதா? முதலில் எர்த்தைப் பாருங்கள்.

பின் ஆக்சிலின் கோணத்தை, வண்டி ஜாக்கியில் சக்கரம் தொங்கியபடி நிற்கும்போது அளந்து வெல்டிங் செய்துவிடாதீர்கள். முழுப் பாரத்தோடு நிற்கும் உயரத்தில்தான் அளக்க வேண்டும். கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்டும் ஆக்சிலின் பினியனும் (ஆக்சிலுக்குள் சுழற்சியை வாங்கும் கியர் தண்டு) ஒன்றுக்கொன்று இணையாக இருந்து, இரண்டையும் இணைக்கும் ஷாஃப்டின் முனைகளில் உள்ள கிராஸ் (யூ-ஜாயின்ட்) ஒவ்வொன்றும் சுமார் 1 முதல் 3 டிகிரி வரை வளைந்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வேகம் கூடும்போது வண்டி அதிரும். 1932 முகப்பின் ஒடுக்கமான கிரில்லுக்குப் பின்னால் பெரிய வி8-ஐ வைக்கிறவர்கள் ஃபேனைச் சுற்றி, காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க உதவும் ஷ்ரவுட் என்ற உறையைப் போடாமல் விடக்கூடாது. டிராஃபிக்கில் நிற்கும்போது சூடு மளமளவென்று ஏறும். சீட் பெல்ட்டை வெறும் ஃபைபர்கிளாஸ் தரையில் போல்ட் போடவே கூடாது, சேஸிஸ் இரும்போடுதான் இணைக்க வேண்டும்.

பழைய வகை ஃபிளாட் டேப்பெட் கேம் (தட்டையான டேப்பெட்டில் உரசி வால்வைத் திறக்கும் தண்டு) உள்ள புது இன்ஜின் என்றால், முதல் ஸ்டார்ட்டிலேயே கேமை அழித்துவிட முடியும். துத்தநாகச் சேர்மானம் உள்ள பிரேக்-இன் ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்.பி.எம்.க்கு ஏற்றி, சுமார் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். அதற்காக டைமிங், பெட்ரோல், தண்ணீர் எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும். கையில் தீயணைப்பானோடு இன்னொருவர் பக்கத்தில் நிற்கட்டும். சாலையில் முதல் 50 மைல் ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முடுக்கிவிட்டு, ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.